பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராகச் சட்டத்தையும் பணியாளர்களையும் ஒருங்கே வலுப்படுத்துதல்: ஒரு முழுமையான வழிகாட்டி

பெண்கள் மீதான வன்முறையைத் தடுப்பதற்காகப் புதிய சட்டம் இயற்றும் வேலை பெரும்பாலும் ஓர் அமைச்சகத்திடமும், காவலர்களுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் பயிற்சி அளிக்கும் வேலை வேறொரு துறையிடமும் இருக்கும். சட்டத்தை வரைபவர்கள் அதை நாளை யார் கையில் எடுத்து நடத்தப்போகிறார்கள் என்று கேட்பதில்லை. பயிற்சி நடத்துபவர்களோ, தாங்கள் கற்றுக்கொடுப்பதைச் செய்வதற்குப் பணியாளருக்குச் சட்ட அதிகாரம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நல்ல சட்டங்கள் பல இடங்களில் தாளிலேயே தங்கிவிடுவதற்கும், பயிற்சிக்குப் போய்வந்தவர் மறுநாளே பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுவதற்கும் இந்தப் பிரிவினையே முதற்காரணம் என்பது என் கருத்து. ஆகவே இவ்வழிகாட்டி இரண்டையும் ஒரே பணியின் இரு பகுதிகளாகக் கொண்டு, எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் செய்வது, எங்கே தவறு நேரக்கூடும் என்பவற்றைப் படிப்படியாக விளக்குகிறது. அரசுத் துறைகளில் இப்பொறுப்பை ஏற்றிருப்பவர்கள், சட்டமன்றக் குழுக்களுக்கு உதவுபவர்கள், பெண்கள் அமைப்புகளில் பணியாற்றுபவர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது.

முதல் படி: ஒரு முறையீடு இன்று எந்த வழியில் செல்கிறது என்று கண்டறிதல்

வரைவுக்கு முன் ஆய்வு வேண்டும். ஆய்வு என்றதும் வீடுவீடாகக் கணக்கெடுப்பதைத்தான் பலர் நினைக்கிறார்கள். வன்முறையின் பரவல் பற்றிப் போதிய தரவுகள் ஏற்கெனவே உள்ளன. உலகில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர், துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையையோ, பிறரின் பாலியல் வன்முறையையோ வாழ்நாளில் ஒருமுறையேனும் எதிர்கொண்டிருக்கிறார் என உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. தரவு கிடைக்கும் பெரும்பாலான நாடுகளில், வன்முறைக்கு உள்ளான பெண்களில் 40 சதவீதத்துக்கும் குறைவானவர்களே யாரிடமாவது உதவி கேட்கிறார்கள் என்றும், அவ்வாறு கேட்பவர்களிலும் காவல்துறையை நாடுபவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு என்றும் ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் தெரிவித்தது. முறையீடு செய்ய வந்த பெண்ணுக்கு உங்கள் அமைப்பில் என்ன நேர்கிறது என்பதை மட்டும் வேறு யாரும் உங்களுக்கு ஆராய்ந்து தர மாட்டார்கள்.

இதற்கு எளிய முறை ஒன்று உண்டு. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் முறையீடுகளில் ஒரு தொகுதியை எடுத்து, ஒவ்வொன்றும் முதலில் எங்கே சொல்லப்பட்டது, யார் பதிவு செய்தார், மருத்துவப் பரிசோதனை எப்போது நடந்தது, பாதுகாப்பு ஆணை (வன்முறை செய்தவர் அந்தப் பெண்ணை நெருங்கக் கூடாது என்று தடுக்கும் உத்தரவு) கேட்கப்பட்டதா, கிடைத்ததா, வழக்கு எந்தக் கட்டத்தில் நின்றது என்று கோப்புகளின் வழியே பின்தொடருங்கள். காவல் நிலையப் பதிவேடு, மருத்துவமனைப் பதிவேடு, நீதிமன்றப் பதிவேடு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டால், எந்த இடத்தில் வழக்குகள் உதிர்கின்றன என்பது விரைவிலேயே புலப்படும். ‘முறையீட்டாளர் திரும்பப் பெற்றார்’ என்ற ஒற்றை வரியோடு மூடப்பட்ட கோப்புகளைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றில் பல, அந்தப் பெண் மனம் மாறியதைவிட அலுவலகம் அவரை அலையவைத்ததையே காட்டும்.

அடுத்து, களப்பணியாளர்களிடம் பேசுங்கள். அவர்களுடைய மேலதிகாரி உடனிருக்கக் கூடாது; பெயரும் குறிக்கப்படக் கூடாது. ‘சட்டம் என்ன சொல்கிறது?’ என்று கேட்டால் பாடம் ஒப்பிப்பார்கள். ‘கடைசியாக வந்த முறையீட்டில் நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டால்தான் உண்மை வரும். இரவில் பெண் அலுவலர் இல்லை, வாகனத்துக்கு எரிபொருள் இல்லை, தனியாக உட்கார்ந்து பேச அறை இல்லை, ஆணையின் படிவம் எப்படி இருக்கும் என்றே பார்த்ததில்லை என்பன போன்ற பதில்கள் அப்போதுதான் கிடைக்கும். இவற்றில் எவற்றைச் சட்டத்தால் தீர்க்க முடியும், எவற்றுக்குப் பயிற்சி வேண்டும், எவற்றுக்குப் பணம் மட்டுமே போதும் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக் குறைபாடு என்று எழுதப்படும் பலவும் உண்மையில் பணக் குறைபாடுகள்தாம்.

பாதிக்கப்பட்ட பெண்களிடம் நேரடியாகக் கேட்பதானால் மிகுந்த கவனம் தேவை. கேள்வி கேட்டதாலேயே ஒருவருக்கு ஆபத்து வரக்கூடாது என்பதை முதல் விதியாகக் கொண்டு, உலக சுகாதார நிறுவனம் 2001-இலேயே இவ்வகை ஆய்வுகளுக்கான அறநெறிகளை வகுத்திருக்கிறது. தனிமையில் பேசுதல், ஒரு வீட்டில் ஒரே பெண்ணிடம் மட்டும் பேசுதல், பேசியவருக்கு உதவி தேவைப்பட்டால் உடனே அனுப்பிவைக்கத்தக்க இடத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்தல் ஆகியவை அதன் அடிப்படைகள். உதவி மையங்களில் ஏற்கெனவே தொடர்பில் இருக்கும் பெண்களை, அவர்கள் விருப்பத்தின்பேரில், அந்த மையங்களின் வழியாகச் சந்திப்பதே பெரும்பாலும் பாதுகாப்பானது.

இரண்டாம் படி: அளவுகோல்களைத் தெரிந்துவைத்தல்

‘இது குடும்ப விவகாரம், அரசு தலையிடலாமா?’ என்ற எதிர்ப்பு எந்த அவையிலும் எழும். அதற்கான விடை சர்வதேசச் சட்டத்தில் தெளிவாகவே உள்ளது. பெண்களுக்கு எதிரான அனைத்து வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான 1979-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் வன்முறை பற்றித் தனி உறுப்பு இல்லை. ஆனால் அதன் கண்காணிப்புக் குழு 1992-இல் வெளியிட்ட 19-ஆம் பொதுப் பரிந்துரை, வன்முறையும் பாகுபாட்டின் ஒரு வடிவமே என்று நிறுவியது. 2017-இல் வந்த 35-ஆம் பரிந்துரை அதை மேலும் விரித்தது. ஐ.நா. பொதுச்சபை 1993-இல் இதற்கெனவே ஒரு பிரகடனத்தை ஏற்றது. அமெரிக்க நாடுகளுக்கான பெலெம் தோ பாரா உடன்படிக்கை 1994-இலும், ஆப்பிரிக்காவுக்கான மபூட்டோ நெறிமுறை 2003-இலும், ஐரோப்பிய அவையின் இஸ்தான்புல் உடன்படிக்கை 2011-இலும் ஏற்கப்பட்டன. பணியிட வன்முறையையும் துன்புறுத்தலையும் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை 2019-இல் ஏற்கப்பட்டு 2021-இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் நாடு எவற்றில் கையொப்பமிட்டிருக்கிறது, எவற்றுக்கு விலக்கு கோரியிருக்கிறது என்ற பட்டியல் கையில் இருக்கட்டும்.

இவ்வளவு பெயர்களுள் அலுவலர்களுக்கு மிகவும் பயன்படுவது ‘உரிய விழிப்புடன் செயல்படும் கடமை’ என்ற கோட்பாடு. வன்முறையைச் செய்தவர் தனிமனிதரே ஆனாலும், தெரிந்திருந்தும் தடுக்கத் தவறிய அரசு பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்பதே அதன் பொருள். கணவரின் கொலை முயற்சியில் உயிர் தப்பி, கால்களின் இயக்கத்தை இழந்த மரியா தா பென்யாவின் வழக்கை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்ததற்காக, அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை ஆணையம் 2001-இல் பிரேசில் அரசைப் பொறுப்பாளியாக்கியது. 2006-இல் அவர் பெயரிலேயே அழைக்கப்படும் சட்டம் அங்கு வந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009-இல் ஓபுஸ் எதிர் துருக்கி வழக்கில் வழங்கிய தீர்ப்பும் இதே வழியில் சென்றது. பலமுறை முறையிட்டும் பாதுகாப்பு கிடைக்காமல் ஒரு பெண்ணின் தாய் கொல்லப்பட்ட நிகழ்வில், முறையீடுகள் திரும்பப் பெறப்பட்டதைக் காரணம் காட்டி அதிகாரிகள் ஒதுங்கியிருக்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது. இவ்விரு வழக்குகளையும் பயிற்சி வகுப்பில் விரிவாகப் பேசுவது, உடன்படிக்கைகளின் பெயர்களை ஒப்பிப்பதைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

மூன்றாம் படி: சட்டத்தை வரைதல்

வரைவில் முதலில் தீர்மானிக்க வேண்டியது வரையறை. உடல், பாலியல் வன்முறையோடு உளவியல் வன்முறையும் பொருளாதார வன்முறையும் சேர வேண்டும்; இணையவழித் தொல்லையும் அனுமதியின்றிப் படங்களைப் பரப்புதலும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட வேண்டும். திருமணமானவர்களோடு நின்றுவிடாமல், சேர்ந்து வாழ்பவர்கள், முன்னாள் துணைவர்கள், ஒரே வீட்டில் வாழும் உறவினர்கள், வீட்டுப் பணியாளர்கள் ஆகியோரும் பாதுகாப்புக்குள் வர வேண்டும். பிரிந்து செல்லும் காலம் மிக ஆபத்தானது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வெளிப்பட்டிருப்பதால், முன்னாள் துணைவரை விட்டுவிடும் சட்டம் மிகத் தேவையான நேரத்தில் கைவிட்டுவிடும். பாலியல் குற்றத்தின் வரையறை, எதிர்ப்புக் காட்டப்பட்டதா என்பதைவிடச் சுயவிருப்பமான இசைவு இருந்ததா என்பதையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். சுவீடன் 2018-இல் அவ்வாறு மாற்றியது. திருமண உறவைக் காட்டி விலக்கு அளிக்கக் கூடாது.

அடுத்தது பாதுகாப்பு ஆணை. ஒரு நல்ல பாதுகாப்பு ஆணைக்குச் சில இயல்புகள் உண்டு: குற்ற வழக்குத் தொடுத்தால்தான் கிடைக்கும் என்ற நிபந்தனை இருக்கக் கூடாது, கட்டணம் கூடாது, அவசரமானால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால ஆணை கிடைக்க வேண்டும், அதை மீறுவது தானே ஒரு குற்றமாக வேண்டும். ஸ்பெயினில் 2003-இன் சட்டப்படி, பாதுகாப்பு ஆணைக்கான விண்ணப்பத்தின் மீது 72 மணி நேரத்துக்குள் விசாரணை நடத்த வேண்டும். இவ்வாறு மணிக் கணக்கில் வரம்பு விதிக்காமல் ‘விரைவாக’ என்று மட்டும் எழுதினால், அந்தச் சொல்லுக்கு ஒவ்வொரு அலுவலகமும் தன் வசதிப்படி பொருள் கொள்ளும்.

வீட்டை விட்டு யார் வெளியேறுவது என்ற கேள்வியில் ஆஸ்திரியா காட்டிய வழி இன்றும் பாடமாக நிற்கிறது. 1997-இல் நடைமுறைக்கு வந்த அதன் சட்டம், வன்முறை செய்தவரைக் காவல்துறையே உடனடியாக வீட்டிலிருந்து வெளியேற்றி, குறிப்பிட்ட நாட்களுக்குத் திரும்பி வராமல் தடுக்க அதிகாரம் கொடுத்தது. அதோடு நிற்காமல், அந்தத் தடையைப் பற்றிய தகவல் உதவி மையத்துக்குச் சென்று, மையத்தினர் தாங்களாகவே அந்தப் பெண்ணைத் தொடர்புகொள்ளும் ஏற்பாடும் செய்யப்பட்டது. காவலருக்கு அதிகாரத்தைக் கொடுத்த அதே சட்டம், அடுத்த நாள் அப்பெண்ணுடன் பேச ஒரு பணியாளரையும் ஏற்படுத்தியதில்தான் அதன் வலிமை இருக்கிறது.

வரைவில் இடம்பெறக் கூடாதவையும் உண்டு. கட்டாயச் சமரசம் அவற்றுள் முதன்மையானது. அஞ்சி வாழும் ஒருவரையும் அச்சுறுத்துபவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசித் தீர்க்கச் சொல்வது பேச்சுவார்த்தை ஆகாது; இஸ்தான்புல் உடன்படிக்கையின் 48-ஆம் உறுப்பு அதைத் தடை செய்யக் கோருகிறது. வன்புணர்ந்தவர் அப்பெண்ணையே மணந்தால் தண்டனை இல்லை என்ற பிரிவுகளை மொராக்கோ 2014-இலும், துனிசியா, ஜோர்டான், லெபனான் ஆகியவை 2017-இலும் நீக்கின. இத்தகைய முரண்பட்ட பிரிவுகள் தண்டனைச் சட்டம், குடும்பச் சட்டம், சாட்சியச் சட்டம், குடிவரவுச் சட்டம் என எங்கும் ஒளிந்திருக்கக்கூடும். புதிய சட்டம் வரும்போதே அவற்றையெல்லாம் தேடித் திருத்த வேண்டும். வயது வந்த பெண்ணின் விருப்பத்தைக் கேளாமலே மருத்துவப் பணியாளர் காவல்துறைக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்ற விதியும் பலருக்கு நல்லதாகத் தோன்றும். உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. காவல்துறைக்குச் செய்தி போய்விடும் என்று அஞ்சும் பெண், காயத்தோடு மருத்துவமனைக்கே வராமல் இருந்துவிடலாம். குழந்தைகள் தொடர்பான விதிகள் வேறு. அவற்றைத் தனியே எழுத வேண்டும்.

வரைவு ஓரளவு முடிந்ததும், ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே மூன்று கட்டங்கள் வரையுங்கள். இதை எந்தப் பதவியில் இருப்பவர் செய்வார்? எத்தனை மணி நேரத்தில் செய்வார்? செய்யாவிட்டால் யாரிடம் கேட்பது? ‘அரசு தக்க நடவடிக்கை எடுக்கும்’ என்று முடியும் பிரிவுகளில் மூன்று கட்டங்களும் வெறுமையாக இருக்கும். அவற்றை மீண்டும் எழுதுங்கள். பயிற்சியே சட்டக் கடமையாக வேண்டும் என்பதும் இங்குதான் சேர்க்கப்பட வேண்டும்; இஸ்தான்புல் உடன்படிக்கையின் 15-ஆம் உறுப்பு அவ்வாறு கோருகிறது. ஸ்பெயினின் 2004-ஆம் ஆண்டு விரிவான சட்டம், இவ்வகை வழக்குகளுக்கெனச் சிறப்பு நீதிமன்றங்களையும் தனி அரசு வழக்குரைஞரையும் ஏற்படுத்தியதோடு, நீதித்துறையினருக்கும் காவல்துறையினருக்கும் சிறப்புப் பயிற்சி தரும் பொறுப்பையும் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது.

நான்காம் படி: பணத்தைக் கணக்கிடுதல்

மேற்சொன்ன மூன்று கட்டங்களோடு நான்காவதாக ‘செலவு’ என்ற கட்டத்தையும் சேருங்கள். பணியிடங்கள், தங்குமிடம், சட்ட உதவி, மொழிபெயர்ப்பாளர், தொலைபேசி உதவி எண், மருத்துவப் பொருட்கள், பயிற்சியின்போது பணியிடத்தை நிரப்பும் மாற்றுப் பணியாளர் ஆகிய அனைத்துக்கும் தொகை வேண்டும். கடைசியாகச் சொன்னதை ஏறக்குறைய எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மாற்று ஆள் இல்லாத நிலையத்திலிருந்து பயிற்சிக்கு அனுப்பப்படுபவர், பெரும்பாலும் அங்கே மிகக் குறைவாகத் தேவைப்படுபவராகவே இருப்பார். வெளிநாட்டு உதவியில் தொடங்கும் பணிகளை எந்த ஆண்டில் சொந்த வரவுசெலவுத் திட்டத்துக்குள் கொண்டுவருவது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: யாருக்கு எதைக் கற்பிப்பது

அனைவரையும் ஒரே மண்டபத்தில் அமர்த்தி ஒருநாள் விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்துவது மிக மலிவான வழி; அதன் பலனும் அவ்வளவுதான். பணிக்கேற்ற திறன்களைப் பிரித்துக் கற்பிக்க வேண்டும். இந்தப் பட்டியலில் வரவேற்பு மேசையில் இருப்பவர், இரவுக் காவலர், வாகன ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரும் சேர வேண்டும், ஏனென்றால் அந்தப் பெண் முதலில் பேசுவது அவர்களுள் ஒருவரிடமாகத்தான் இருக்கும்.

முதல் சொற்களிலிருந்தே பயிற்சி தொடங்கட்டும். ‘அவர் கைநீட்டும் அளவுக்கு நீ என்ன செய்தாய்?’, ‘பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பொறுத்துப் போகக் கூடாதா, அம்மா?’, ‘இத்தனை நாள் ஏன் வரவில்லை?’ என்பன அலுவலகங்களில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள். கேட்பவருக்கு அவை இயல்பாகவே தோன்றும்; கேட்கப்படுபவருக்கோ கதவு சாத்தப்பட்டதாகவே படும். அவற்றுக்குப் பதில், ‘நீங்கள் வந்தது நல்லது. உங்களுக்கு நடந்ததற்கு நீங்கள் காரணமில்லை’, ‘இன்று வீட்டுக்குத் திரும்பிப் போவது பாதுகாப்பாக இருக்குமா?’, ‘இப்போது உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?’ என்று கேட்கப் பழக்க வேண்டும். இதை விரிவுரையாகச் சொல்லிப் பயனில்லை. இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் முறையிடுபவராகவும் மற்றவர் அலுவலராகவும் நடித்துப் பலமுறை பழகினால்தான் நாவுக்கு வரும்.

மருத்துவப் பணியாளருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், 2014-இல் அந்நிறுவனம் பிற ஐ.நா. அமைப்புகளோடு வெளியிட்ட கையேடும் தெளிவான முறையைத் தருகின்றன. செவிகொடுத்துக் கேட்டல், தேவைகளை விசாரித்தல், நம்புவதாக உணர்த்துதல், பாதுகாப்பை உயர்த்துதல், மற்ற உதவிகளோடு இணைத்தல் என்ற ஐந்தே செயல்கள் முதல்நிலை ஆதரவாகும். இதற்கு உளவியல் பட்டம் தேவையில்லை. வருகின்ற பெண்கள் எல்லோரிடமும் கட்டாயமாக வன்முறை பற்றி விசாரிக்கச் சொல்லாமல், காயத்தின் தன்மையோ நோயின் போக்கோ ஐயம் எழுப்பும்போது தனிமையில் கேட்குமாறே அவ்வழிகாட்டுதல் கூறுகிறது. பாலியல் வன்முறைக்குப் பின் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ளும், அவசரக் கருத்தடை மாத்திரையை 5 நாட்களுக்குள்ளும், இயன்றவரை முன்னதாகவே தொடங்க வேண்டும் என்பதைச் செவிலியர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். காவல்துறைக் கடிதம் வந்தால்தான் சிகிச்சை என்று திருப்பி அனுப்பும் வழக்கம் இருந்தால், இந்தக் காலவரம்பு கைநழுவிப் போகும். ‘கன்னித்தன்மைப் பரிசோதனை’ எனப்படுவதற்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று அறிவித்து, அதைத் தடை செய்யுமாறு ஐ.நா. அமைப்புகள் 2018-இல் கோரின. அத்தகைய பரிசோதனைக்கான கட்டம் மருத்துவச் சான்றுப் படிவத்தில் இன்னும் இருந்தால், ஆயிரம் பயிற்சிகளைவிட அந்தப் படிவத்தை மாற்றுவதே முதற்பணி.

காவல்துறைக்கு இடர் மதிப்பீடு, அதாவது அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று கணிப்பது, மிக முக்கியமான திறன். ஐ.நா.வின் மதிப்பீட்டின்படி 2023-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டனர். இத்தகைய கொலைகளில் பலவற்றுக்கு முன்னறிகுறிகள் இருக்கின்றன. முன்பு கழுத்தை நெரித்தது, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியது, ஆயுதம் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது, சமீபத்தில் பிரிந்தது, வேவு பார்ப்பது, கர்ப்பக் காலத்தில் அடித்தது ஆகியவை அவற்றுள் சில. கழுத்தை நெரித்தல் வெளியே காயம் காட்டாமலே உயிருக்கு ஆபத்தாகக்கூடும். அது நிகழ்ந்திருந்தால் பின்னாளில் கொலை நேரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுவதால், ‘சிறு காயம்’ என்று எழுதும் காவலருக்கு இது தனியாகக் கற்பிக்கப்பட வேண்டும். இருவரையும் பிரித்து வைத்து விசாரித்தல், தற்காப்புக் காயத்துக்கும் தாக்குதல் காயத்துக்கும் வேறுபாடு அறிதல், முதன்மைத் தாக்குநர் யார் என்று கண்டறிதல் ஆகியவையும் அதே பாடத்தில் அடங்கும். இல்லாவிடில், தற்காத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளிப் பட்டியலில் சேர்க்கப்படுவார்.

அரசு வழக்குரைஞர்கள், பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் ஒன்றையே நம்பி வழக்கை நடத்தாமல், அவசர அழைப்பின் பதிவு, மருத்துவச் சான்று, புகைப்படம், அலைபேசிச் செய்திகள், அண்டை வீட்டார் சாட்சியம் ஆகியவற்றால் வழக்கைக் கட்டப் பழக வேண்டும். அதிர்ச்சிக்கு உள்ளானவரின் நினைவு துண்டுதுண்டாக வெளிப்படக்கூடும் என்பதையும், அதைப் பொய்யின் அறிகுறியாகக் கொள்ளக் கூடாது என்பதையும் நீதிபதிகள் அறிந்திருப்பது நல்லது. நீதிபதிகளுக்கான பயிற்சியை அரசுத் துறைகள் நடத்தினால் நீதித்துறையின் சுதந்திரம் பற்றிய நியாயமான ஆட்சேபம் எழும். அவர்களுடைய சொந்தப் பயிற்சி நிறுவனமே, மூத்த நீதிபதிகளைக் கொண்டு அதை நடத்தட்டும்.

ஆறாம் படி: பயிற்சி பணியிடத்தில் நிலைக்கும்படி செய்தல்

பணியிடமாற்றம் பயிற்சியின் பெரிய எதிரி. சிறப்புப் பயிற்சி பெற்றவர் ஆறு மாதத்தில் போக்குவரத்துப் பிரிவுக்குப் போய்விட்டால் செலவிட்ட அனைத்தும் வீண். ஆகவே அடிப்படைப் பாடத்தைக் காவல் பயிற்சிக் கல்லூரி, செவிலியர் கல்லூரி, சட்டக் கல்லூரி ஆகியவற்றின் வழக்கமான பாடத்திட்டத்திலும் தேர்விலும் சேர்த்துவிட வேண்டும். சிறப்புப் பிரிவில் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் விதிக்க வேண்டும். பயிற்சி முடிந்த சில மாதங்களில் மேற்பார்வையாளர் ஒருவர் உண்மையான கோப்புகளை எடுத்துவைத்து அவர்களோடு அமர்ந்து பேச வேண்டும். மேற்பார்வையாளரையே முதலில் பயிற்றுவிப்பது இதனால்தான் அவசியம். ‘வகுப்பில் சொன்னது இருக்கட்டும், இங்கே இப்படித்தான்’ என்று சொல்லும் ஒரு மேலதிகாரி ஐந்து நாள் பயிற்சியை ஒரு நிமிடத்தில் அழித்துவிடுவார்.

பேசத் தயங்கும் விஷயம் ஒன்று உண்டு. பணியாளர்களிலும் வன்முறைக்கு உள்ளானவர்கள் இருப்பார்கள். வன்முறை செய்பவர்களும் இருப்பார்கள். முன்னவர்களுக்கு விடுப்பும், பணியிட மாற்றமும், ரகசியம் காக்கும் ஆலோசனையும் கிடைக்க வேண்டும். பின்னவர்கள் மீதான முறையீட்டை, அவர்கள் பணியாற்றும் நிலையமே விசாரிக்காதபடி தனி வழி வேண்டும். ஆயுதம் ஒப்படைக்கப்பட்டவராயின் அது உடனே திரும்பப் பெறப்பட வேண்டும். அலுவலகத்துக்குள்ளேயே பாலியல் தொல்லைக்கு முறையான விசாரணை இல்லாத ஒரு துறை, வெளியிலிருந்து வரும் பெண்ணுக்கு நியாயம் செய்யும் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

நாள்தோறும் கொடுமைகளைக் கேட்பவர்களின் மனமும் சோர்ந்துபோகும். தூக்கமின்மை, எரிச்சல், முறையிட வருபவர்மீதே வெறுப்பு என அது வெளிப்படும். ஒருவர் ஒரே நேரத்தில் கையாளும் வழக்குகளுக்கு உச்சவரம்பு வைப்பதும், வெளியிலிருந்து வரும் ஆலோசகரோடு முறையாகப் பேச நேரம் ஒதுக்குவதும் வேலையின் பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

ஏழாம் படி: துறைகளை ஒன்றோடொன்று பிணைத்தல்

ஒரே கதையைக் காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் சட்ட உதவி மையத்திலும் மீண்டும் மீண்டும் சொல்லவைப்பது ஒரு கொடுமை. அமெரிக்காவின் துலூத் நகரில் 1980-களின் தொடக்கத்தில் உருவான ஒருங்கிணைந்த செயல்முறை, காவல்துறை, நீதிமன்றம், பெண்கள் அமைப்பு ஆகியவற்றைப் பொதுவான விதிகளின்கீழ் கொண்டுவந்தது. வேல்ஸின் கார்டிஃப் நகரில் 2003-இல் தொடங்கிய பல்துறைக் கூட்டம், மிக அதிக ஆபத்தில் உள்ளவர்களின் வழக்குகளை மட்டும் எடுத்து, ஒவ்வொரு துறையும் என்ன செய்யும் என்று அங்கேயே முடிவு செய்தது. கூட்டத்தில் ஆபத்திலுள்ள பெண்ணின் குரலாகத் தனி ஆலோசகர் ஒருவர் இருப்பது இந்த முறையின் உயிர்நாடி. இதைத் தொடங்குபவர்கள், எந்தத் தகவலை யாருடன் பகிரலாம், அந்தப் பெண்ணுடைய இசைவு எப்போது வேண்டும், இசைவின்றிப் பகிர நேரும் உயிராபத்து எது என்பவற்றை எழுத்தில் வகுத்துக்கொள்ளுங்கள். தங்குமிடத்தின் முகவரி எதிர்த்தரப்புக்குச் செல்லும் எந்தக் கோப்பின் நகலிலும் இடம்பெறக் கூடாது. இது சிறிய விஷயமாகத் தோன்றினாலும் உயிர் சம்பந்தப்பட்டது.

எட்டாம் படி: நிறைவேறிய நாளுக்கும் நடைமுறைக்கு வரும் நாளுக்கும் இடைப்பட்ட காலம்

சட்டம் நிறைவேறியதும் கைதட்டிக் கலைந்துவிடுவது வழக்கம். உண்மையில் அப்போதுதான் நெருக்கடியான வேலை தொடங்குகிறது. ஸ்காட்லாந்தில் மன, பொருளாதாரக் கட்டுப்பாடுகளையும் உள்ளடக்கிய குடும்ப வன்முறைச் சட்டம் 2018 பிப்ரவரியில் நிறைவேறி, 2019 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த இடைவெளி காவலர்களையும் வழக்குரைஞர்களையும் பயிற்றுவிக்கப் பயன்பட்டது. கட்டுப்படுத்தும் போக்கு போன்ற, ஒற்றை நிகழ்வில் அடங்காத குற்றத்தை அடையாளம் காண அத்தகைய காலம் தேவைதான்.

இந்த இடைவெளியில் விதிகள் அறிவிக்கப்பட வேண்டும். விண்ணப்பம், இடைக்கால ஆணை, இடர் மதிப்பீடு, மருத்துவச் சான்று ஆகியவற்றின் படிவங்கள் அச்சாகி, மக்கள் பேசும் எல்லா மொழிகளிலும் நிலையங்களைச் சென்றடைய வேண்டும். பார்வைக் குறைபாடும் செவித்திறன் குறைபாடும் உள்ள பெண்கள் எவ்வாறு விண்ணப்பிப்பார்கள் என்பதையும் இப்போதே சோதித்துப் பாருங்கள். பின்னர் ஓரிரு மாவட்டங்களில், ஒரு கற்பனை முறையீட்டை உண்மையான அலுவலர்களைக் கொண்டு இரவு பதினொரு மணிக்கு நடத்திப் பாருங்கள். ஆணையை யாருக்குத் தொலைநகலில் அனுப்புவது, நீதிபதி எந்த எண்ணில் கிடைப்பார், வாகனம் எங்கே என்பன போன்ற, வரைவுக் குழுவில் எவருக்கும் தோன்றியிராத ஓட்டைகள் அன்றிரவே வெளிப்படும். விளம்பரத்தை அதற்குப் பிறகே தொடங்க வேண்டும். உதவி தயாராகும் முன் ‘தயங்காமல் வாருங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டினால், நம்பி வந்தவர்கள் ஏமாறுவார்கள்.

ஒன்பதாம் படி: எதை அளப்பது

‘எத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தோம்’ என்ற எண்ணிக்கை அறிக்கைகளுக்கு அழகாக இருக்கும். வேறு எதையும் அது சொல்லாது. முறையீட்டுக்கும் இடைக்கால ஆணைக்கும் இடையே எத்தனை மணி நேரம், மீறப்பட்ட ஆணைகளில் எத்தனைக்கு நடவடிக்கை, காவல்துறையிலிருந்து அனுப்பப்பட்ட பெண்களில் எத்தனை பேர் உண்மையில் தங்குமிடத்தையோ சட்ட உதவியையோ அடைந்தார்கள், வழக்குகள் எந்தக் கட்டத்தில் உதிர்கின்றன என்பவற்றை ஆண்டுதோறும் அளந்தால், முதல் படியில் செய்த கோப்பு ஆய்வோடு ஒப்பிட முடியும். நல்ல மாற்றம் நிகழ்ந்தால் முதலில் முறையீடுகள் கூடும். இதை அமைச்சருக்கும் செய்தியாளருக்கும் முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘சட்டம் வந்தபின் வன்முறை அதிகரித்துவிட்டது’ என்ற தலைப்புச் செய்திக்குப் பதில் சொல்ல நேரிடும். முறையீட்டைக் குறைத்துக் காட்டும் நிலையத்துக்கு விருது கொடுக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதை அன்றே நிறுத்த வேண்டும்.

பாதுகாப்புக் கேட்டு வந்த பின்னும் ஒரு பெண் கொல்லப்பட்டால், அந்த மரணத்தை விரிவாக ஆராயும் குழு வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய ஆய்வு 2011 முதல் சட்டக் கடமையாக உள்ளது. குற்றவாளியைக் கண்டுபிடிப்பது நீதிமன்றத்தின் வேலை. எந்த அலுவலகத்துக்கு என்ன தெரிந்திருந்தது, யாரிடம் சொல்லப்படவில்லை, எந்த இடத்தில் தடுத்திருக்க முடியும் என்று கண்டறிவது இந்தக் குழுவின் வேலை. குழுவில் பெண்கள் அமைப்பின் பிரதிநிதி ஒருவரும், இறந்தவரின் குடும்பத்தார் தங்கள் கருத்தைச் சொல்ல வழியும் இருக்க வேண்டும். அதன் பரிந்துரைகளுக்குத் துறைகள் குறிப்பிட்ட காலத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே சேர்த்து, அந்தப் பதில்களைச் சட்டமன்றக் குழு ஆண்டுக்கொருமுறை கேட்டறியும்படி செய்யுங்கள். அந்த அறிக்கைகளில் வெளிப்படும் தவறுகளைக் கொண்டே, பெயர்களை நீக்கிவிட்டு, அடுத்த ஆண்டுக்கான பயிற்சிப் பாடத்தையும் சட்டத் திருத்த வரைவையும் எழுதத் தொடங்கலாம்.